நகர்த்தி ஒட்டிய ஸ்டிக்கர்

அந்த நடன அரங்கின் அடித்தளத்துக்குள் இறங்கினால் முதலில் மூக்கில் ஏறுவது ஈரக் கம்பளத்தின் வாடை. பிறகுதான் விளக்கு சுவிட்ச் கையில் தட்டுப்படும். மதியம் மூன்று மணிக்கே அங்கே கும்மிருட்டு. இரும்புப் படிக்கட்டில் தங்கை முன்னால் இறங்கினாள். அவன் பின்னால், இசைத்தட்டுப் பெட்டியைச் சுமந்தபடி. பெட்டி அவள் கணவனுடையது. மச்சான் இறந்து ஒரு வருடமாகிறது.

"இதெல்லாம் நீயே வச்சுக்கோ அண்ணா. பாக்கப் பாக்க அழுகைதான் வருது. ஒரே ஒரு தடவை, அவர் பண்ற மாதிரி ரெண்டு தட்டை ஒரே தாளத்துல சேத்து ஓட்டிக் காட்டு. கேட்டுட்டுப் போயிடுறேன்."

அவனால் மறுக்க முடியவில்லை.

வலது தட்டை ஓடவிட்டான். இடது தட்டைக் கையால் பிடித்து நிறுத்தி, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, சரியான இடத்தில் விட்டான். பிந்தினால் நடுவில் இருக்கும் லேபிளை விரலால் லேசாகத் தள்ள வேண்டும். முந்தினால் ஓரத்தை உரச வேண்டும். கொஞ்சம் ஏமாந்தாலும் போச்சு, இரண்டு பேர் தடதடவென்று முன்னும் பின்னுமாகப் படியிறங்குகிற மாதிரி கேட்கும்.

இடது தட்டு பிந்தியது. விரலை நீட்டினான்.

விரல் படுவதற்குள் அது சரியாகிவிட்டது.

எங்கிருந்தோ தைல வாசனை. மணிக்கட்டு வலிக்கு மச்சான் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கரைத் தங்கை தொட்டுப் பார்த்தாள்.

"இது என்ன?"

"மச்சான் ஒட்டினது. ஸ்லைடர் இங்க நின்னா ரெண்டும் ஒரே வேகம்."

"அப்புறம் ஏன் அன்னிக்கு அவருக்குச் சேரவே இல்ல?"

அன்றைக்கு இந்த அரங்கில் தட்டு ஓட்டும் நிரந்தர வேலைக்கு அவர்கள் இருவரில் ஒருவரை எடுப்பதாக முதலாளி சொல்லியிருந்தார். அடுத்த தட்டை முன்கூட்டியே கேட்டுச் சரிபார்க்கும் ஹெட்ஃபோன் வேறு பழுது. மச்சான் தன் ஸ்டிக்கரைத்தான் மலைபோல் நம்பினான். தாளம் பிசகப் பிசக, ஸ்லைடரைத் திரும்பத் திரும்ப அதே ஸ்டிக்கருக்குக் கொண்டுவந்து வைத்தான். அரங்கமே சிரித்தது. தலைகுனிந்து வெளியே போனவன், சாலையில் வந்த லாரியைப் பார்க்கவில்லை. வேலை இவனுக்கு. துக்க வீட்டில் ஆளோடு ஆளாக நின்று அழுததும் இவன்தான்.

"அவனுக்குக் கவனம் போதாதும்மா," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தட்டுகள் பிசகின.

லேபிளைத் தள்ளினான். எதிர்ப்பக்கமிருந்து ஒரு விரல் அதைப் பின்னுக்குத் தள்ளியது.

தடதட. தடதட.

இரண்டு முள்ளையும் தூக்கினான். சத்தம் நிற்கவில்லை.

"முள்ளைத் தூக்கிட்டியே அண்ணா," தங்கை கிசுகிசுத்தாள். "அப்ப இது எங்கேர்ந்து வருது?"

தைல நெடி அடித்தளம் முழுக்கப் பரவியது. ஒரு வருடமாக நெஞ்சில் கனத்தது வாய்வரை வந்துவிட்டது.

"நான்தாம்மா. அந்த ஸ்டிக்கரைப் பிச்சு ஒரு நூல் தள்ளி ஒட்டினது நான்தான்."

சத்தம் நின்றது.

தங்கை அழவில்லை. இரண்டு தட்டையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"கவனமில்லாத மனுஷன்னு செத்தவரைத் தினம் தினம் திட்டினேன். நீ பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டே கேட்டுட்டு இருந்தியே."

பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். அவன் உதவ நீட்டிய கையை அவள் பார்க்கக்கூட இல்லை. அவன் விளக்கடியிலேயே நின்றான். அவளைப் பின்தொடரும் தைரியம் அவனுக்கு இல்லை. அவள் இருட்டில் படியேறும் சத்தம் கேட்டது. பழக்கதோஷம், தன்னையறியாமல் எண்ணினான்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அவள் தனியாகத்தான் போனாள். இரும்புப் படியில் ஏறியது இரண்டு பேர்.

ஓர் அடிகூடப் பிசகவில்லை.