மெழுகுத் தரையில் ஒரு திருட்டு

"நாற்காலியை விட்டு எந்திரிக்காமலே திருடனைப் பிடிச்சுத் தரேன் சார். ட்ராம் ஓட்டுற சீட்டுல உக்காந்தபடியே நாற்பது பேரைப் பிடிச்சவன் நான்."

சொன்னவர் வின்சென்டி. ஓய்வுபெற்ற ட்ராம் டிரைவர்.

எதிரே இன்ஸ்பெக்டர் ராடோஷ், கையில் விலங்கோடு நின்றார்.

பொகுமிலா தலையில் கை வைத்துக்கொண்டாள். புருஷன் புளுகுவதற்கு நேரம் காலமே கிடையாதா?

காலையிலிருந்தே எரிச்சல். போலந்தின் க்ராகோ நகரைச் சுற்றிப் பார்க்க வந்த நாளில்...

கோட்டையில் டிக்கெட் தீர்ந்துபோனது. அடுத்த மியூசியத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. சர்ச்சில் மராமத்து. போதாக்குறைக்கு மழை.

திறந்திருந்தது இந்தப் பழைய பிரபு மாளிகை ஒன்றுதான். மெழுகு பூசிய மரத்தரை கீறாமலிருக்க, வாசலிலேயே ஷூவுக்கு மேல் கம்பளிச் செருப்பைக் கட்டிவிட்டார்கள். எல்லோரும் சர்... சர்... என்று சறுக்கித்தான் போக வேண்டும்.

வின்சென்டிக்கு முட்டிவலி. காவல்காரி யுஸ்டினாவின் நாற்காலியில் போய்ச் சாய்ந்துவிட்டார்.

அவள் சறுக்கிக்கொண்டே வந்து சண்டை போட்டாள். இவர் கண்ணை மூடிக்கொண்டார். பொகுமிலா வெட்கப்பட்டுப் பக்கத்து அறைக்கு நழுவினாள்.

சற்று நேரத்தில்... வீல் என்று யுஸ்டினாவின் அலறல்!

கண்ணாடிப் பெட்டியில் இருந்த தங்கப் பதக்கத்தைக் காணவில்லை.

"அறையில இந்த ஆளைத் தவிர யாரும் இல்ல சார்," என்றாள் யுஸ்டினா.

"சோதனை போட்டாச்சு. ஒண்ணும் இல்லையே," என்றார் ராடோஷ்.

"முழுங்கியிருப்பான்."

"அப்ப எக்ஸ்ரே எடுத்துடலாம். கிளம்புங்க பெரியவரே."

"ஒரே ஒரு நிமிஷம் சார். இந்தம்மாவை ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டச் சொல்லுங்க."

"ஏங்க, வாயை மூடுங்க," பல்லைக் கடித்தாள் பொகுமிலா. "ஜெயிலுக்குச் சாப்பாடு தூக்கிட்டு என்னால அலைய முடியாது."

ராடோஷ் அலுப்போடு கையசைத்தார். யுஸ்டினா நடந்தாள்.

சர்... தொப்... சர்... தொப்...

"வலது காலை ஏம்மா தூக்கித் தூக்கி வைக்கிறீங்க?"

"சுளுக்கு."

"என்னைத் திட்ட வந்தப்ப ரெண்டு காலும் பனியில வழுக்குற மாதிரி வந்துச்சே. நான் கண்ணை மூடியிருந்தேன். காதை மூடல."

யுஸ்டினாவின் முகம் வெளிறியது.

"சறுக்கினா செருப்புக்குள்ள இருக்கறது நழுவி வெளிய வந்துடும். அந்தப் பயம்தான். இல்லையா?"

இன்ஸ்பெக்டர் குனிந்து செருப்பின் நாடாவை அவிழ்த்தார்.

டிங்...

பதக்கம் தரையில் உருண்டது.

விலங்கு யுஸ்டினாவின் கையில் ஏறியது.

வெளியே மழை விட்டபாடில்லை. பொகுமிலாவின் போன் ஒலித்தது. தங்கை லூட்ஸினா.

"அக்கா, உக்காந்த இடத்துலயே திருடியைப் பிடிச்சேன்னு மாமா மெசேஜ் அனுப்பியிருக்காரு. வழக்கமான புளுகுதானே?"

பொகுமிலா பெருமூச்சு விட்டாள்.

"நிஜம்தான்டி. என் கண்ணால பார்த்தேன். எந்திரிக்கவே இல்ல மனுஷன்."

"அப்புறம் ஏன் அழுவுற மாதிரி பேசுற?"

"பொய்யின்னு நான் கேக்காம விட்ட கதை முப்பது வருஷத்துக்கு இருக்குடி. இன்னிக்கு ஊருக்குத் திரும்புற ரயில்ல முதல்லேருந்து ஆரம்பிக்கப் போறாராம்."