நீலம் விடாத நாத்தனார்

மூன்று பேர் பழுப்பாகிவிட்டார்கள். நாத்தனார் மட்டும் நீலமாகவே நின்றாள்.

துயேத் தட்டை மெதுவாக ஆட்டிப் பார்த்தாள். தேயிலைக் கஷாயம் படத்தின் மேல் ஏறி இறங்கியது. புருஷன் குவாங்கின் சட்டை, அப்போது மூன்று வயதாயிருந்த மகள் மியெனின் கவுன், துயேத்தின் சொந்த முகம் எல்லாம் வெந்த இலையின் நிறத்துக்கு வந்திருக்க, இடது ஓரத்தில் நாத்தனார் லொவான் மட்டும் வெயிலில் அச்செடுத்த அன்றைய நீலத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு இவளையே பார்த்தாள். நடக்கக் கூடாத காரியம். வெயிலில் அச்செடுக்கும் இந்த வகைப் படம் முதலில் முழுக்க நீலமாகத்தான் வரும். சலவை சோடா கரைத்த தண்ணீரில் நீலம் வெளுத்து மஞ்சளாகும், பிறகு தேயிலையில் பழுப்பாகத் திரும்பி வரும். படம் அரைகுறையாக வெளுப்பது உண்டு. ஒரு ஆளை மட்டும் விட்டுவைப்பது கிடையாது.

இது மூன்றாவது பிரதி. மூன்றிலும் அப்படித்தான்.

தாலாத் மலையூரின் மத்தியான மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஈரப் பைன் மரத்தின் வாசனை ஜன்னல் வழியே வந்து தேயிலைத் துவர்ப்போடு கலந்தது. லொவான் செத்து நாற்பது நாள்தான் ஆகிறது. கீழே படையல் மேடையில் அவளுக்கு இன்னும் தினம் சோறு வைக்கிறார்கள். உயிரோடு இருந்தபோது துயேத் வடித்த சோற்றை ஒரு நாளும் குறை சொல்லாமல் தின்றதில்லை அவள்.

குவாங் ஈரக் குடையோடு மாடிக்கு வந்து தட்டை எட்டிப் பார்த்தான்.

"அக்கா மட்டும் ஏன் இப்படி இருக்காங்க?"

"உங்க அக்காவைத்தான் கேக்கணும். நான் சொல்லி என்னைக்குக் கேட்டிருக்காங்க?"

"செத்தவங்களைப் பத்தி இப்படிப் பேசாத."

"செத்தவங்க என் படத்தைக் கெடுக்காம இருந்தா நான் ஏன் பேசப் போறேன்?"

அவன் குடையை மடக்கி மூலையில் சாத்தினான். அவளுடைய மற்ற படங்களை வண்டியில் ஏற்றி, சாயங்காலம் திறக்கும் கண்காட்சிக் கூடத்துக்குக் கிளம்பும்போது, அஞ்சு மணிக்குள் இதைக் கொண்டுவந்துவிடு, அழைப்பிதழில் போட்ட படமே இல்லையென்றால் சிரிப்பார்கள் என்று மட்டும் சொன்னான்.

படம் காய்ந்ததும் துயேத்துக்கு ஒரு யோசனை வந்தது. வந்ததும் சந்தோஷமாகக்கூட இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது, ஆனால் நாத்தனாரை, படத்தின் ஓரங்களை மூடும் மவுண்ட் அட்டையில் இரண்டு அங்குலம் கூட்டி மறைத்துவிடலாம். அட்டையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் கோடு இழுத்தாள். எப்போதும் பின்பக்கத்திலிருந்துதான் வெட்டுவாள், முன்பக்கம் கத்திக் கீறல் விழாது. அதனால் அவள் கண்ணுக்கு ஆட்கள் தெரியவில்லை, அளவுதான் தெரிந்தது. படத்தின் இடது ஓரத்தில் வரும் பக்கம் இரண்டு அங்குலம் கூடுதல். கத்தி இழுத்த இழுப்பில் பதினோரு வருஷக் கோபமும் இருந்தது.

படத்தின் மேல் அட்டையை வைத்து, கண்ணாடி போட்டு, பின்னால் ஆணி அடித்து, சுவரில் மாட்டிவிட்டு நாலடி பின்னால் வந்து நின்றாள்.

குவாங். மியென். அவள்.

மூன்று பேர்.

மூன்று பேராகப் படத்தில் நிற்கக் கூடாது, நடுவில் நிற்பவர்தான் முதலில் போவார். இது தெரியாதவர்கள் இந்த நாட்டில் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் தெருவில் போகிறவரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார்கள். ஆறு வருஷம் முன்னால் இந்தப் படம் எடுத்த அன்றைக்கும் முதலில் மூன்று பேராகத்தான் நின்றார்கள். பாத்திரம் கழுவின ஈரக் கையோடு லொவான்தான் உள்ளேயிருந்து ஓடி வந்தாள்.

"பிள்ளையை நடுவுல விட்டு மூணு பேரா நிப்பாளா எவளாவது? உங்க அம்மா இதைக்கூடச் சொல்லித் தரலயாடி? நகரு."

யாரும் கூப்பிடாமலே வந்து ஓரத்தில் நின்றவள். அந்தத் திட்டைத்தான் துயேத் ஆறு வருஷம் மனதில் வைத்திருந்தாள். எதற்காக ஓடி வந்தாள் என்பதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

மழை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

தைல வாசனை அடித்தது. லொவான் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் பச்சைத் தைலம். முதலில் லேசாக. பிறகு கண் எரிகிற அளவுக்கு, யாரோ குனிந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பதைப் போல அத்தனை பக்கத்தில். துயேத் திரும்பவில்லை. சட்டத்தைக் கழற்றிக் கவிழ்த்தாள். ஆணிகளைக் குறட்டால் பிடுங்கினாள். ஒரு ஆணி விரலைக் கிழித்தது.

"எடுத்துடறேன் அக்கா," என்றாள் வாய்க்குள். "இதோ எடுத்துடறேன். தப்பு என் மேலதான். பிள்ளை மேல இல்ல."

அட்டையைத் தூக்கினாள்.

ஓரத்தில் யாரும் இல்லை.

பழுப்புச் சுவர் மட்டும். ஆள் நின்ற இடம் மழித்துவிட்ட மாதிரி.

பக்கத்து அறையில் மியென் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நாற்காலி நகரும் சத்தம். செருப்புச் சத்தம். ஒரு ஜோடி இல்லை. இரண்டு.

"அம்மா."

மியென் வாசலில் நின்றாள். முழுசாக, உயிரோடு. துயேத்துக்கு அழுகை முட்டியது. அப்புறம்தான் கையைப் பார்த்தாள். பிள்ளையின் இடது கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது, உயரமான யாரோ பிடித்திருப்பதைப் போல. விரல் நுனியெல்லாம் நீலம்.

"கையை விடு மியென்."

"நான் பிடிக்கல அம்மா. அத்தைதான் விட மாட்டேங்கறாங்க."

"அப்பாவைக் கூப்பிடறேன். அப்பா வரட்டும். நாலு பேரா நிப்போம்."

மியென் யாரையோ நிமிர்ந்து பார்த்தாள். கேட்டுக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

"அப்பா வேணாமாம்."

வலது கையை அம்மா பக்கம் நீட்டினாள்.

"நீங்க வாங்க. நான் நடுவுல நிக்கணுமாம்."

துயேத் அசையவில்லை. நீட்டிய கை அப்படியே காத்திருந்தது. மறு கையில் நீலம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது.