ஊதாத் துணிக்குள் நாலு தலை

துணிக்குள் நாலு தலை புடைத்துக்கொண்டிருந்தது. விக்டோரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினாள். அப்பன், ஆத்தாள், நடுவிலே பிள்ளை என்று சிலையில் இருப்பது மூன்று பேர்தான். வருஷம் பூராவும் பார்த்துப் பார்த்துக் கண்ணே புண்ணாகிப் போனவளுக்கு அது தெரியாதா? நாலாவது எங்கிருந்து வந்தது?

பெரிய வெள்ளி, பிற்பகல் மூன்று மணி. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு என்று லேஅவுட்டே ஊட்டிக்கும் கூர்க்குக்கும் கிளம்பிப் போயிருந்தது. முழங்கால் வலியால் இவள் கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

அந்தச் சிலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூரில் இல்லாத அழகா? அரண்மனையை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், இவள் வீட்டு எதிர்ப் பூங்காவில் மாத்திரம் இப்படி ஒன்றைக் கொண்டுவந்து நட்டார்கள். ‘மகிழ்ச்சியான குடும்பம்’ என்று பெயர் வேறு. சிமெண்ட் பெஞ்சில் நெருக்கியடித்து மூன்று சிமெண்ட் மனுஷர்கள். அப்பனுக்குக் கழுத்தே கிடையாது. ஆத்தாளுக்கு வாய் கொள்ளாத பல். பிள்ளைக்கு அறுபது வயசுக் கிழவன் முகம். ஆறு கண்ணும் ஆறு திக்கைப் பார்க்கும். எந்தப் புண்ணியவான் செய்தானோ!

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த அசிங்கம் வந்த பிறகுதான் இவள் வாசலில் மனுஷ வாடையே அடித்தது. புருஷன் ஏசுதாஸ் போய்ச் சேர்ந்தாயிற்று, மகன் ஆலன் கனடாவில். முப்பது வருஷம் நர்ஸாக வார்டு வார்டாகப் பேசித் திரிந்தவள் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாள். சிலை வந்ததும் ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. செல்ஃபி எடுத்து, வயிறு வலிக்கச் சிரித்து, தண்ணீர் கேட்டு இவள் கேட்டைத் தட்டினார்கள். “அந்தப் பிள்ளை அப்படியே என் மாமனார் ஜாடை” என்று இவளும் எடுத்துவிடுவாள். அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுப் போவார்கள். அழகான சிலையாக இருந்திருந்தால் ஒரு பார்வையோடு போய்க்கொண்டே இருந்திருப்பார்கள்.

லேஅவுட்டுக்காரர்களுக்கோ மானம் போயிற்று. சங்கச் செயலாளர் பசம்மா சிலையை எடுக்கச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கடைசியாக இவளிடம் வந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள்.

“எல்லாரும் போட்டாச்சு மேடம். சும்னே எதுக்கு யோசிக்கிறீங்க? நீங்களும் நம்மவங்கதானே?”

நம்மவங்க என்று ஒருத்தி சொல்லி எத்தனை வருஷமாயிற்று! அந்த ஒரு சொல்லுக்காக விக்டோரியா கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை உடைக்க வண்டி வருகிறது. அப்புறம் யார் வந்து கேட்டைத் தட்டப் போகிறார்கள்?

போட்ட நாளிலிருந்து அந்த முகங்களைப் பார்க்க முடியவில்லை. யூதாஸ் வேலை பார்த்துவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பாஸ்கா என்கிற ஈஸ்டர் நெருங்கும்போது கோயிலில் புனிதர் சிலைகளான சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள். ஏசுதாஸ் இருந்தவரை அது அவர் வேலை. மிஞ்சின துணி பீரோவில் கிடந்தது. புதன்கிழமை அதை எடுத்துப் போய் மூன்று பேரையும் போர்த்திக் கயிறு கட்டினாள். மூடின சுரூபத்தை மறுபடி திறந்தே ஆகவேண்டும் என்பது வழக்கம். உடைக்கப் போவதை யாரும் மூடுவதில்லை. தெரிந்தேதான் மூடினாள்.

இப்போது நாலு.

பிச்சைக்காரர் யாராவது வெயிலுக்கு ஒதுங்கியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கதவைச் சாத்தாமலே ரோட்டைக் கடந்தாள். தார் இளகிச் செருப்பில் ஒட்டியது, குல்மொஹர் மரத்தில் ஒரு காக்கை கத்த வாயைத் திறந்துவிட்டுக் கத்தாமலே மூடிக்கொண்டது, துணியிலிருந்து பாச்சை உருண்டை வாடையும் அதற்கு அடியில் தண்ணீர் ஊற்றின புதுச் சிமெண்ட் வாடையும் சேர்ந்து வந்தன. நாலாவது தலை ஆத்தாளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருந்தது. அங்கே ஒரு கை நுழையக்கூட இடம் கிடையாது.

“யாரது உள்ள? தண்ணி வேணுமா?”

வாய் இருக்கவேண்டிய இடத்தில் துணி உள்ளே போயிற்று. வெளியே வந்தது. நர்ஸ் புத்தி, மூச்சை எண்ண ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் புரிந்தது, அது அவளோடு சேர்ந்து மூச்சு விடுகிறது. விக்டோரியா மூச்சைப் பிடித்தாள்.

துணியும் நின்றது.

கயிற்று முடிச்சைப் பிடித்தாள். அவிழ்த்தாள். இழுத்தாள். துணி சரிந்து காலடியில் விழுந்தது.

மூன்று பேர். மூன்றே பேர். அப்பாடா என்று நெஞ்சில் கைவைத்தவள், கண்களைப் பார்த்தாள். ஆறும் ஒரே இடத்தைப் பார்த்தன. அவள் காலடியை.

குனிந்தாள்.

துணிக்குள் ஒரு தலை. அது எழுந்தது. தோள் வந்தது. இடுப்பு வந்தது. அவள் உயரத்துக்கு நின்றது. வலது காலைச் சாய்த்துச் சாய்த்து, அவள் நடக்கிற மாதிரியே, ரோட்டைக் கடந்து போயிற்று. கேட்டுக்குள் நுழைந்தது. வீட்டுக்குள் நுழைந்தது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம்.

கத்தினாள். குரல் வரவில்லை.

உள்ளே போன் அடித்தது. இரண்டே தடவை. எடுத்தாயிற்று.

“சொல்லு ஆலன்.” அவள் குரல். அவளுடைய அதே குரல். “நல்லா இருக்கேன்பா. அந்த அசிங்கமா? திங்கக்கிழம உடைச்சிருவாங்க. நான்கூட சைன் போட்டேனே.” அப்புறம் சிரிப்பு. நெடுநேரம்.

முதுகுக்குப் பின்னால் சிமெண்ட் உரசியது.

திரும்பினாள். பிள்ளை அப்பன் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. அந்த இடத்துத் தூசியை ஆத்தாள் புறங்கையால் மெதுவாகத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.