நீலம் பூசிய பேட்டரி

"டக்."

டென்சில் மறுபடியும் சாவியைத் திருகினான். மறுபடியும் அதே "டக்." பிறகு அலைச் சத்தம் மட்டும்தான்.

"செத்துட்டு! பேட்டரி செத்துட்டு, மாமா!"

பிளாவியா முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், ஆளில்லாத அந்த மணல்திட்டில், அண்ணன் லிகோரியின் படகு ஒருக்களித்துக் கிடந்தது. அதைத் தேடித்தான் முந்தின நாள் மாலை மூன்று பேரும் கிளம்பியிருந்தார்கள்: அவள், அத்தை மகன் டென்சில், சித்தப்பா ரொசாரி. இரவெல்லாம் அலைந்து, விடிகிற நேரத்தில் படகைக் கண்டுபிடித்தார்கள். அண்ணன் அதில் இல்லை. அவனோடு கணவாய் மீன் பிடிக்கப் போன ஆரோக்கியமும் இல்லை. திட்டு முழுவதும் தேடித் திரும்புவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

நடந்ததை ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை. படகைத் தள்ளுகிற எஞ்சின் விசிறியில் வலை சுற்றியிருந்தது, பாதிதான் அறுபட்டிருந்தது. மிதக்கிற நீல கேன்கள் இரண்டைக் காணோம். வலையை அறுக்க இருவரும் கடலில் இறங்கியிருக்கிறார்கள். நீரோட்டம் ஆட்களை ஒரு பக்கமும் படகை ஒரு பக்கமும் இழுத்துப் போயிருக்கிறது.

"தண்ணி தெக்க ஓடுது," என்றார் சித்தப்பா. "ரெண்டு நாளாச்சி. கேனப் பிடிச்சிட்டுக் கெடந்தாங்கன்னா..."

அவர் தெற்குப் பக்கம் பார்த்தார்.

அவர்களுடைய படகில் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற டைனமோவின் பெல்ட் நடுக்கடலிலேயே அறுந்திருந்தது. தேடுவிளக்கும் வயர்லெஸ்ஸும் விடிய விடிய பேட்டரியைக் குடித்தன. இறங்கும் அவசரத்தில் இரண்டையும் யாரும் அணைக்கவில்லை. இப்போது வயர்லெஸ்ஸில் இரைச்சல்கூட இல்லை. கைபேசியில் சிக்னல் இல்லை.

சித்தப்பா கைப்பிடியை மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றிக் கிளப்பப் பார்த்தார். எஞ்சின் எதிர்த்து உதைத்தது. கைப்பிடி தெறித்து, திட்டைத் தாண்டி ஆழத்தில் விழுந்தது. அவருடைய மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது.

டென்சில் லிகோரியின் படகுக்கு ஓடினான். அங்கிருந்த பேட்டரி விரிசல் விட்டு, அமிலம் ஒழுகிக் காய்ந்திருந்தது. ஆனால் விளக்கு எரிக்கிற சின்ன ஜெனரேட்டர் இருந்தது. அரை பாட்டில் பெட்ரோல் இருந்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் பழைய சார்ஜர் ஒன்றும் இருந்தது.

"ஏட்டி பிளாவி! புதையல்!" என்று கத்திக்கொண்டே தூக்கி வந்தான். ஜெனரேட்டரை மணலில் வைத்துக் கயிற்றை இழுக்கப் போனான்.

"இருங்க மச்சான்."

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இயற்பியல் படித்துவிட்டு ஒரு வருடமாக வீட்டில் இருப்பவள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள்.

"இருங்க! எது பாசிட்டிவ்?"

டென்சில் பேட்டரியைப் பார்த்தான். மாதா திருவிழாவுக்குப் படகை நீலத்தில் முக்கி எடுத்தவன் அவன்தான். பலகை, கயிற்றுக் கொக்கி, பேட்டரி, அதன் இரண்டு கம்பிகள், எல்லாம் ஒரே நீலம். கூட்டல் குறி இருந்த இடத்தை அமிலம் அரித்திருந்தது. பாசிட்டிவ் முனை மற்றதைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்க வேண்டும். கவ்வி சேரவில்லை என்று போன வருடம் இரண்டையும் அரம் வைத்துத் தேய்த்தவனும் அவன்தான்.

"மாத்தி மாத்திக் குடுத்துப் பாப்போம். ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு."

"மாத்திக் குடுத்தா சார்ஜர் கருகிரும். பேட்டரி வெடிச்சாலும் வெடிக்கும். நம்மகிட்ட ஒண்ணுதான் இருக்கு."

"அங்க ஒன் அண்ணன் தண்ணியில கெடக்கான்! இங்க இவ பாடம் நடத்துதா!"

அவள் படகில் கிடந்த பழுதான விளக்கிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகளை உருவினாள். முனைக்கு ஒன்றாகச் சுற்றி, மறுநுனிகளை எட்டத்தில் இருந்த சாப்பாட்டுக் கிண்ணத்தில், கடல் தண்ணீருக்குள் விட்டாள். இரண்டும் தொடாமல் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு கம்பியிலிருந்து மட்டும் நுரை போலக் குமிழிகள் கிளம்பின. மற்றதில் எண்ணி நாலைந்துதான் இருக்கும். அதன் நுனி பச்சை பிடித்தது. குனிந்து முகர்ந்தாள். ப்ளீச்சிங் பவுடர் வாடை லேசாக வந்தது.

"குமிழி நெறைய வர்றது நெகட்டிவ். இது பாசிட்டிவ்." தன் சிவப்புத் துப்பட்டாவின் ஓரத்தைக் கிழித்து அந்த முனையில் கட்டினாள்.

சார்ஜர் வேலை செய்யுமா என்பது அடுத்த கேள்வி. ஜெனரேட்டரைப் பேட்டரியிலிருந்து எட்ட நகர்த்தி ஓட்டச் சொன்னாள். சார்ஜரின் கவ்விகளுக்கு நடுவே ஒரு பல்பைக் கொடுத்தாள். எரிந்தது. உடனே எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

"மறுபடியும் நிறுத்துதியா?"

"ஓடும்போது கவ்வியப் போட்டா தீப்பொறி வரும். பேட்டரியில இருந்து கேஸ் வரும் மச்சான். சித்தப்பா, அந்த பீடிய அணைங்க."

பேட்டரிப் பெட்டியின் மூடியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அடைப்பான்களைத் திறந்தாள். உள்ளே தகடுகள் நீருக்கு மேலே தெரிந்தன. குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்றக் கூடாது. வேறு தண்ணீர் இல்லை. குடிக்க வைத்திருந்த இரண்டு லிட்டரில் ஒன்றை அளந்து ஊற்றினாள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

சிவப்புக் கவ்வி. கறுப்புக் கவ்வி. ஜெனரேட்டர். கடைசியாக சார்ஜர் சுவிட்ச்.

சார்ஜரின் ஊசி மெல்ல எழுந்து பத்து ஆம்பியரில் நின்றது.

பெட்ரோல் ஒரு மணி நேரம்கூட வராது. அத்தனை நேரத்தில் ஏறுவது ஒரு ஸ்டார்ட்டுக்குப் போதும். கிடைத்தால் இரண்டு. சூரியன் தலைக்கு மேல் வந்தது. டென்சில் கரையில் முன்னும் பின்னும் நடந்தான். அவள் ஊசியை மட்டும் பார்த்தாள்.

ஜெனரேட்டர் இருமி நின்றது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கவ்விகளைக் கழற்றினாள். கேஸ் கலையட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்தாள். அந்த ஐந்து நிமிடமும் டென்சில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

சாவியைத் திருகினான். எஞ்சின் முனகியது. நின்றது. இன்னொரு முறை முனகி, புகை கக்கிப் பிடித்துக்கொண்டது!

"பிடிச்சிட்டு! அணைச்சிராதல!" என்று கத்தினார் சித்தப்பா.

தெற்கே ஓடினார்கள். இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர். பிறகு முன்னால் நின்ற டென்சில் கையை நீட்டினான். "அந்தா! கேனு!"

அதில் யாரும் இல்லை. ஒரு கயிற்று வளையம் மட்டும் அவிழ்ந்து தொங்கியது. பிளாவியா அதைத் தொடவில்லை.

இரண்டாவது கேன் அதற்கு அப்பால் அரை மைலில் கிடந்தது. அதன் மேல் ஒரு தலை.

லிகோரியைத் தூக்கிப் போட்டபோது அவன் முகம் கொப்புளமாக வெடித்திருந்தது. நாக்கு வீங்கியிருந்தது. மிச்சமிருந்த தண்ணீரை அவள் துணியில் நனைத்து உதட்டில் பிழிந்தாள்.

"ஆரோக்கியண்ணன் எங்கண்ணே?"

வீங்கிய நாக்கைப் புரட்டிப் பேசினான். "உச்சி வெயிலு... கைய விட்டுட்டான். நான் போய்ப் பிடிக்கதுக்குள்ள..."

உச்சி வெயில். அப்போது அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி நேரம் வட்டமடித்தார்கள். லிகோரி நினைவிழந்தான். "மக்கா, இவனும் போயிருவான்," என்றார் சித்தப்பா. டென்சில் அவளைப் பார்த்தான். திருப்பச் சொல்ல வேண்டியவள் அவள்தான் என்பது போல.

"திருப்புங்க," என்றாள்.

சூரியன் விழும்போது கரை சேர்ந்தார்கள். தூரத்திலேயே படகை அடையாளம் கண்டு யாரோ சரவெடி கொளுத்திவிட்டார்கள். ஆட்கள் நீரில் இறங்கி ஓடி வந்தார்கள். "லிகோரி வந்துட்டான்!" என்ற கூச்சலுக்கு நடுவே லிகோரியை வண்டியில் ஏற்றினார்கள். அம்மா அவனோடு ஏறினாள். சித்தப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

ஆரோக்கியத்தின் மனைவி அமலி படகின் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே பார்த்தாள். பலகைக்கு அடியிலும் பார்த்தாள்.

பிளாவியா அவளிடம் போனாள். இதுவரை அவளிடம் ஒரு சிரிப்புக்கு மேல் பேசியதில்லை.

"மைனி, மத்தியானம் வரைக்கும் இருந்திருக்காங்க. நாங்க அப்ப பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திட்டு இருந்தோம்."

"வெரசா வந்திருக்க முடியாதா?"

அவசரப்பட்டிருந்தால் படகு கிளம்பியே இருக்காது. அது உண்மை. ஆனால் அந்தக் கடைசி ஐந்து நிமிடம்?

"தெரியல மைனி," என்றாள். "நெஜமாவே தெரியல."

அமலி அடிக்கவில்லை, அழவும் இல்லை. "நாளைக்குப் போவீகளா?"

"போவோம்."

டென்சில் பேட்டரியை வலைக்கொட்டகைக்குச் சுமந்து வந்தான். பிளாவியா இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்தாள். சிவப்பு, கறுப்பு, பிறகு சுவிட்ச். ஊசி எழுந்தது. டென்சில் இந்த முறை தள்ளி நின்று பார்த்தான். பொறுமை ஒரு உயிரைக் கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் கொண்டுவரும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை.

அமலி வாசலில் வந்து உட்கார்ந்தாள். "எம்புட்டு நேரம் ஆகும்?"

"விடியறதுக்குள்ள நெறஞ்சிரும்."

"நானும் வாரேன்."

"மைனி, ஒங்களுக்குக் கடல் ஒத்துக்கிடாதே," என்றான் டென்சில்.

"ஒத்துக்கிடும்," என்றாள் அமலி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.