உச்சி மணலில் கூப்பிட்டவள்

வீமன் முன்னால் ஓடவில்லை. மணல்மேட்டைக் கண்டாலே கட்டறுத்த கன்றுபோலத் துள்ளி ஏறி, உச்சியில் நின்று குரைக்கிற நாய் அது. இன்றைக்கு இராசமலரின் சேலைக் கரையை முகர்ந்தபடி பின்னால் வந்தது. பசியாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வேறெதையும் நினைக்க அவளுக்கு விருப்பமில்லை.

விடியமுன்னம் போன வள்ளங்கள் எல்லாம் மத்தியானமே கரைக்கு வந்துவிட்டன. அவள் புருசனின் வள்ளத்தை மட்டும் காணவில்லை. வல்லிபுரத்து மணல்மேட்டில் ஏறினால் கடல் வெகுதூரம் தெரியும். ஆள் வரப் பிந்தினால் பெண்கள் அதில் ஏறிப் பார்ப்பதும், கடலை நோக்கி ஒரு குரல் கொடுப்பதும் அந்தக் கரையின் வழக்கம்.

புறப்படும்போது பக்கத்து மீன்வாடி ஏரம்பு அண்ணை மறித்தார்.

"கூப்பிடுறதெண்டால் பேரைச் சொல்லிக் கூப்பிடு, பிள்ளை. புயலோடை போனவை கனபேர் உந்தக் கடலுக்கை கிடக்கினம்."

அவளுக்குக் கோபம் வந்தது. புருசனின் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? அவர் பெயர் ஆழ்வாப்பிள்ளை. அதற்காக ஆழ்வார் கோயிலைக்கூட அவள் 'பெரிய கோயில்' என்றுதான் சொல்வாள். சுவாமி கோபித்தாலும் சமாளிக்கலாம், ஊர்வாய்க்கு மூடியில்லை.

கழுத்துவரை புதைந்த பனைகளைத் தாண்டி, இராவணன் மீசைப் புல் காலில் குத்த, வைத்த அடி பாதி வழுக்க அவள் ஏறினாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. காற்று மணலை வாரிச் சேலையில் அடித்தது. கீழே சவுக்கு மரங்கள் ஓயாமல் இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் யாரோ மூச்சு வாங்குவதுபோல இடையிடையே கேட்டது. அது தன்னுடைய மூச்சுத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

உச்சியில் நின்று பார்த்தாள். கடல் ஒரு பாய்கூட இல்லாமல் வெறுமையாகக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ..."

காற்று அதைக் கொண்டு போனது. இன்னும் பலமாகக் கூப்பிட்டாள். வீமன் அவள் காலுக்குள் ஒடுங்கிக்கொண்டது.

மேட்டின் கடல்பக்கச் சரிவிலிருந்து பதில் வந்தது.

"ஓம். வாறன்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மங்கிய வெளிச்சத்தில் ஒரு ஆள் குனிந்து ஏறி வருவது தெரிந்தது. வள்ளம் எங்கேயாவது கவிழ்ந்திருக்கும், நீந்தி வந்திருப்பார், வீட்டுக்குப் போனதும் கொத்தமல்லி அவித்துக் கொடுக்கவேண்டும் என்றெல்லாம் அவள் மனம் ஓடியது.

இடப்பக்கம் இன்னொரு குரல்.

"ஓம். வாறன்."

அதற்கப்பால் இன்னொன்று. பிறகு பல குரல்கள்.

வாடை ஒன்று மேலே வந்தது. மீன் வாடை இல்லை. வெகுநாள் இறைக்காத கிணற்றின் வாடை. அவள் மூக்கைப் பொத்தினாள். சரிவு முழுக்க ஆட்கள். நனைந்த ஆட்கள். சிலருக்கு உடுப்பில்லை. சிலருக்கு முகமிருந்த இடத்தில் பாசி. ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை. பெண்சாதி கூப்பிட்ட குரலுக்கு வருகிற புருசன்மார்போல, அவசரமில்லாமல், நிதானமாக.

ஓட நினைத்தாள். கால் மணலுக்குள் இறங்கியது. ஏரம்பு அண்ணை சொன்னது அப்போதுதான் உறைத்தது. பெயர் வாயில் வரவில்லை. வெட்கம். இந்த நேரத்திலும் வெட்கம். கண்ணை இறுக மூடினாள்.

"ஆழ்வாப்பிள்ளை!"

மணல் சரிகிற சத்தம் நின்றது.

கண்ணைத் திறந்தாள். எல்லோரும் அந்தந்த இடத்திலேயே நின்றார்கள். தங்களைக் கூப்பிடவில்லை என்று தெரிந்ததுபோல ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக் கடலுக்குள் இறங்கினார்கள். ஐயோ, ஆழ்வாரே, என்று அவள் நெஞ்சில் கை வைத்தாள்.

ஒரு ஆள் மட்டும் திரும்பவில்லை.

அவர் மூச்சு வாங்காமல் ஏறி வந்துகொண்டிருந்தார். தண்ணீர் ஒழுகுகிற கையை அவளிடம் நீட்டியபடி.

அவள் காலோடு ஒட்டி நின்ற வீமன் வாலை ஆட்டியது.