எட்டாயிரம் சுற்றுப் பயம்

தொலைபேசி அலறியது!

ஒஃபீலியா பர்ரகான் திடுக்கிட்டாள். அவளுடைய விரலிடுக்கில் ஓடிக்கொண்டிருந்த செப்புக் கம்பி, தலைமுடியினும் மெலிந்த அந்தக் கம்பி... அறுந்தது!

எட்டாயிரம் சுற்ற வேண்டிய சுருள். ஆறாயிரத்து இருநூறில் நின்றுவிட்டது.

"போச்சு! எவன்டா அது நேரம் பார்த்து..."

ஃபுல்லர்ட்டன் நகரின் ரயில் பாதையோரத் தகரக் கொட்டகை அது. முன்னறையில் ஒஃபீலியா பிக்கப் சுற்றுவாள். பேஸ் கிடாரின் தந்தி அதிர்வதைப் பிடித்து மின்சாரமாக்கும் காந்தச் சுருள்தான் பிக்கப். பின்னறையில் அவளுடைய கூட்டாளி வெண்டல் மரம் இழைத்துக் கிடார் கட்டுவார். இன்று மரக் கடைக்குப் போயிருந்தார்.

எடுத்தாள்.

"ஒஃபீலியா! நான்தான்... லாசரோ!"

நகரின் மறுகோடியில் கிடார் பழுது பார்க்கும் லாசரோ இபார்ரா.

"என்ன லாசரோ, இப்படி மூச்சு வாங்குது? காலங்காத்தால பன்னிக்கறி டமாலே தின்னாதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

"விளையாடாதே! ஏப்ரல்ல எனக்கு ஒரு பிக்கப் செஞ்சு குடுத்தியே, அம்பத்தொண்ணாம் வருஷ மாடல்... அந்த மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து, 'இது உன் வேலையா, பழசா'ன்னு எவனாவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு!"

"என் வேலை எனக்குத் தெரியாதா?"

"உன் வேலைன்னு சொன்னா செத்தே! பழசுன்னு சொன்னாலும் செத்தே! தெரியாது... அது ஒண்ணுதான் உன்னைக் காப்பாத்... ஐயோ! நீ எப்படி உள்ளே..."

டுமீல்!

ஏதோ சரிந்து விழும் ஓசை.

"லாசரோ! லாசரோ!"

 யாரோ ரிசீவரை எடுத்தார்கள். மூச்சு விடும் ஓசை மட்டும் நிதானமாகக் கேட்டது.

கிளிக்!

போலீஸை அழைத்தாள். 'லாசரோ கடைக்கும் உங்க இடத்துக்கும் ஆள் அனுப்பறோம் மேடம். கதவைப் பூட்டிக்குங்க' என்றது ஒரு பெண் குரல்.

பூட்டினாள். சன்னல் திரையை இழுத்துவிட்டாள். சுற்று எந்திரத்தின் முன்னால் அமர்ந்தாள்.  

பதினைந்தாவது நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

"டிடெக்டிவ் தோர்ன். போலீஸ்."

திரையிடுக்கில் ஒரு போலீஸ் வில்லை பளபளத்தது. ஒஃபீலியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திறந்தாள்.

ஐம்பது வயது. சாம்பல் நிறக் கோட்டு. முகமெல்லாம் புன்னகை.

"பயந்துட்டீங்களா மேடம்? உட்காருங்க, உட்காருங்க."

"லாசரோ... அவருக்கு..."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்க. நீங்க எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணணும்." கோட்டுப் பையிலிருந்து பழைய துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் பிரித்தார். "இது அவர் கடைல கிடைச்சுது. ஒரிஜினலா, நீங்க செஞ்சதா?"

ஒரு பிக்கப்!

கறுத்த நார்த் தகடு இரண்டு. நடுவில் நான்கு காந்தங்கள். சுற்றிலும் செம்புச் சுருள்.

ஒஃபீலியா அதை எடுத்தாள். விரல் பட்ட கணத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாயைத் திறந்தாள். போலீஸ்காரரிடம் உண்மையைச் சொல்வதில் என்ன தயக்கம்?

"சார், இது வந்து..."

அவள் பார்வை தற்செயலாக அவருடைய கையின்மேல் விழுந்தது.

மேசையில் பழுதுக்கு வந்த பேஸ் ஒன்று கிடந்தது. அதன் தகட்டில் ஒரு திருகு முழுதும் இறங்காமல் நின்றது. பதிலுக்குக் காத்திருந்தவர், சும்மா இருக்க மாட்டாத கையால் திருப்புளியை எடுத்து, அந்தத் திருகை முடுக்கத் தொடங்கினார்.

நேராக முடுக்கவில்லை.

முதலில் இடப்பக்கமாக, பின்னோக்கி மெல்லச் சுழற்றினார்... சுழற்றினார்...

'டிக்!'

அதன் பிறகே வலப்பக்கம் திருப்பினார்.

ஒஃபீலியா பாதிச் சொல்லை விழுங்கினாள்!

பழைய மரத்தில் பழைய திருகின் தடம் இருக்கும். புதுத் தடம் வெட்டினால் மரம் கெட்டுப்போகும். ஆகவே, திருகைப் பின்னோக்கிச் சுழற்றி, அது தன் தடத்தில் 'டிக்' என்று விழுந்த பிறகே முடுக்க வேண்டும். கிடார்த் தொழிலில் ஊறிய கை அதை யோசியாமல் செய்யும்.

போலீஸ்காரனின் கை செய்யாது!

தொலைபேசியில் கேட்ட அதே மூச்சு... இப்போது மூன்றடி தூரத்தில்!

"சொல்லுங்க மேடம்?"

"தெ... தெரியலை சார்."

"தெரியலையா?" புன்னகை மாறவில்லை. "என்ன மேடம் இது! உங்க கைக்கு உலகத்துல ஈடு கிடையாதுன்னு ஊரே சொல்லுது. கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டாலே எந்த வருஷத்துதுன்னு சொல்லிடுவீங்களாமே. எனக்காக ஒரு தடவை!"

காக்கையைப் பாடச் சொன்ன நரியை நாம் எல்லாரும் அறிவோம். இந்த நரியும் பாடத்தான் சொல்கிறது. ஆனால், அலகைத் திறந்தால் விழப்போவது வடை அன்று... உயிர்!

"ஊர்க்காரங்க ஏத்திச் சொல்றாங்க சார். நான் சாதாரணமா கம்பி சுத்தறவ."

"நல்லாப் பாருங்க."

வெளியே சரக்கு ரயில் தடதடத்தது. அந்த இரைச்சலுக்கிடையே மேசை ஓரத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

 வெண்டல்! பின்வாசல் வழியாக வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக ஒலிபெருக்கிப் பெட்டியைப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவள் அனுப்பும் பிக்கப்பைச் சோதிக்கக் காத்திருப்பது அவர் வழக்கம். அந்த விளக்குக்கு அதுதான் பொருள்.

கத்தலாமா? கத்தினால் ஹெட்போனுக்குள் இருப்பவருக்குக் கேட்காது. நரிக்குக் கேட்கும்.

"மீட்டர்ல போட்டுப் பார்க்கட்டுமா சார்? ஏதாவது புரியலாம்."

"தாராளமா."

பிக்கப்பின் இரு முனைகளிலும் கிளிப்பை மாட்டினாள். மீட்டரின் முள் ஆடியது. அவன் முள்ளைப் பார்த்தான். மீட்டருக்குப் பின்னால் சுவரைத் துளைத்து வெண்டலின் பெட்டிக்குப் போகும் கம்பியைப் பார்க்கவில்லை.

இக்காலத்துப் பிக்கப்புகளை உருக்கிய மெழுகில் முக்குவார்கள். மெழுகு குடித்த சுருள் செவிடு. ஐம்பத்தொன்றில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே பழசும் சரி, ஒஃபீலியா செய்யும் நகலும் சரி, மெழுகு காணாதவை. அப்படிப்பட்ட சுருளுக்குக் காது உண்டு. அருகில் பேசினால் மைக் போலப் பிடித்துக்கொள்ளும்!

"முள்ளு சரியாத் தெரியலை சார். கொஞ்சம் குனிஞ்சு படிங்களேன்."

குனிந்தான். அவன் வாய்க்கும் பிக்கப்புக்கும் இடையே நான்கு விரற்கடை.

"ஏழு சொச்சம். இப்ப சொல்லு."

மரியாதை போய்விட்டது!

"எனக்குத் தெரியாது சார்!"

"பொய்! திருகைப் பார்த்தே. மூஞ்சி வெளுத்துடுச்சு. நான் யாருன்னு தெரிஞ்சுக்கிட்டே." கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கி வெளியே வந்தது. "என் பேரு கிளைட் மேடக்ஸ். பழைய பேஸ் வியாபாரி. போதுமா?"

ஒஃபீலியா பிக்கப்பை நோக்கித் தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "துப்பாக்கி எதுக்கு மிஸ்டர் மேடக்ஸ்?"

"ஃபீனிக்ஸ்ல ஒருத்தனுக்கு ஒரு பேஸ் வித்தேன். உள்ளே உன் டூப்பு. ஒரிஜினல் பிக்கப்பைக் கழட்டி என்கிட்ட குடுத்தவன் லாசரோ. இப்ப அந்த ஃபீனிக்ஸ்காரன் நிபுணரை வெச்சுச் சோதிக்கப் போறானாம். லாசரோவைக் கூப்பிடுவான், அப்புறம் உன்னை. லாசரோ இனிமே பேச மாட்டான்."

"என்னையும் சுடப் போறீங்களா?"

"பழசு எது, நகல் எதுன்னு அடையாளம் தெரியாதவளா இருந்தா விட்டிருப்பேன். சத்தியமா! அதுக்குத்தான் இந்த வேஷமே."

அவன் கட்டைவிரல் துப்பாக்கியின் கொக்கியைப் பின்னுக்கு இழுத்தது.

ஒஃபீலியா கண்களை மூடிக்கொண்டாள்.  வெண்டல் காதில் விழுந்ததா? இல்லை, ஹெட்போனைக் கழற்றிவிட்டு டோனட் தின்றுகொண்டிருக்கிறாரா?

ஒன்று... இரண்டு...

தொம்!

வெடித்த ஓசை அன்று. மரம் மண்டையில் மோதிய ஓசை!

கண்ணைத் திறந்தாள். மேடக்ஸ் தரையில் கிடந்தான். அவனுக்குப் பின்னால், ஒன்பது பவுண்டு எடையுள்ள ஆஷ் மரத்தில் இழைத்த கிடார் உடலை இரு கைகளாலும் பிடித்தபடி வெண்டல்!

"கூட்டாளியம்மா... பேஸ் சத்தம் வரும்னு உட்கார்ந்தா கொலை வாக்குமூலம் வருது! போலீஸுக்குச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ஏன்யா இவ்வளவு நேரம்?"

"நல்ல பாடியை எடுத்து அடிக்க மனசு வரலை. கணு விழுந்து கழிச்சுப் போட்ட பாடியைத் தேடிக்கிட்டிருந்தேன்!"

அவள் சிரித்தாள். பிறகு முழங்காலிட்டு அழுதாள்.

நான்காம் நிமிடத்தில் போலீஸ் வண்டிகள் வந்தன. சார்ஜென்ட் ஓகாவா என்ற பெண்மணி மேடக்ஸுக்கு விலங்கு பூட்டி நிமிர்த்தினார்.

"உங்க நண்பர் பிழைச்சுட்டார் மேடம். குண்டு தோள்லதான்."

மேடக்ஸ் ரத்தம் வழியும் நெற்றியோடு இளித்தான். "பிழைக்கட்டும்! ஃபீனிக்ஸ்காரன் மடையன் டூப்பைக் கட்டிக்கிட்டு அழட்டும். ஒரிஜினல் கடைசி வரைக்கும் என்கிட்டதான் இருந்துச்சு!"

ஒஃபீலியா கண்களைத் துடைத்துக்கொண்டாள். கிளிப்புகளைக் கழற்றி, பிக்கப்பை அவன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"எதை, இதையா? சுருள் இந்தப் பக்கம் லேசாப் புடைச்சிருக்கு, பாரு. என் கட்டைவிரல் அழுத்தற இடம். இது நான் ஏப்ரல்ல சுத்தினது!"

மேடக்ஸின் வாய் பிளந்தது. "இல்ல... லாசரோ மாத்தினானே..."

சார்ஜென்ட் குறிப்பேட்டைப் புரட்டினார். "ஆம்புலன்ஸ்ல அவர் சொன்னது: 'எழுபது வருஷமா யாரும் தொடாத பிக்கப். கழட்ட எனக்குக் கை வரலை. நகலைத்தான் ஒரிஜினல்னு சொல்லி மேடக்ஸ்கிட்ட குடுத்தேன். சொன்னா கொன்னுடுவான்னு வாயை மூடிக்கிட்டேன்.'"

"அப்படின்னா ஃபீனிக்ஸ்காரர்கிட்ட இருக்கறது..." என்று இழுத்தார் வெண்டல்.

"அக்மார்க் அசல்!" என்றாள் ஒஃபீலியா.

சார்ஜென்ட் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார். "அப்ப மோசடின்னு நான் என்னத்தை எழுதறது?"

வெண்டல் மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"கொலை முயற்சின்னு மட்டும் எழுதிக்குங்க சார்ஜென்ட்... வியாபாரத்துல ஆளு சுத்தத் தங்கம்!"