உட்செவிக் கணக்கு

பள்ளிக்குக் கிளம்பும் முன் மாரிக்கொழுந்து குனிந்து நின்றாள். அவள் அம்மா செல்லக்கனி ஈரத்துணியால் காதுக்குப் பின்னால் துடைத்துவிட்டாள். அங்கே எலும்புக்குள் உட்செவி பதிந்திருந்தது. நிலவில் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும் பெயர் வைக்கும் முன்பே அதை வைத்துவிடுவார்கள். குடியிருக்கும் கண்ணாடிக் குமிழில் காற்று கசிந்தால் பெற்றவர்களின் குரல் நேரே பிள்ளையின் தலைக்குள் போய் "ஓடு" என்று சொல்ல வேண்டும். அதனால் உட்செவியை அடைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அன்று பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஏழாம் வகுப்பு உயர்கணிதத்தில் மாரிக்கொழுந்து தொடர வேண்டாமாம்.

அப்பா பூவலிங்கம் அதை மூன்று தடவை படித்தான். அவன் பனிவெட்டி. தென்துருவப் பள்ளத்தில் இருபது வருஷமாகத் துளைபொறி பிடிப்பவன். உயர்கணிதத்திலிருந்து இறக்கப்பட்ட பிள்ளைகள் பதினைந்து வயதில் அந்தப் பள்ளத்துக்குத்தான் வரும். அவனோடு நின்று வெட்டுகிற இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான்.

"வகுப்புல பதினெட்டுப் புள்ளைய. அதுல பதினேழு மேல்குமிழ் அதிகாரிமாரு புள்ளைய. கழிச்சுக்கட்டுதது யாரன்னு பாத்தியா?" என்றான் மனைவியிடம்.

"அவ மார்க்கையும் பாருங்க. அறுபத்தொண்ணு."

"மார்க்கு போடுதது யாரு? அவங்க வாங்கி வச்ச எந்திரந்தான?"

வேலை முடிந்ததும் உடுப்பைக்கூடக் கழற்றாமல் பள்ளிக்குப் போனான். எந்திர டீச்சருக்கு முகம் கிடையாது. சுவரில் ஒரு பச்சை விளக்கு, ஒரு குரல், அவ்வளவுதான். முகமில்லாததை எதை வைத்து நம்புவது?

"எம் புள்ள மக்குன்னா சொல்லுதிய?"

"இல்லை. பதினெட்டுப் பேரில் தானாகக் கணக்குப் போடுவது அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்குத் தேர்வு நேரத்தில் பெற்றோர் உட்செவியில் விடை சொல்கிறார்கள்."

பூவலிங்கத்துக்குச் சுருக்கென்றது. "தெரிஞ்சுமா சும்மா இருக்கிய?"

"உட்செவியை அடைக்கச் சட்டம் விடாது. மதிப்பெண் குறைந்தவரை இறக்குவது விதி. விதியை எழுதியது பெற்றோர் குழு. நீங்கள் கையெழுத்திட்டால் அடுத்த தேர்வு வரை அவள் இருக்கலாம். அதில் தொண்ணூறு வாங்க வேண்டும்."

இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதே ஏதோ சூழ்ச்சி என்று பட்டது அவனுக்கு. ஆனாலும் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டான். "ஏட்டி, இந்த விகிதக் கணக்க எனக்குச் சொல்லிக்குடு."

"உங்களுக்கு எதுக்குப்பா?"

"பரீட்சையில ஒனக்குச் சொல்ல வேண்டாமா?"

"எனக்குத் தெரிஞ்சதத்தான உங்களுக்குச் சொல்லிக்குடுப்பேன்? அத நீங்க எனக்கே திருப்பிச் சொல்லி..."

"வாயாடாத. மேல்குமிழ்ல எல்லாவனும் சொல்லுதான்."

ஒரு மாதம் நடந்தது இந்தக் கூத்து. ஒரே இடத்தில் நாலு தடவை முட்டுவான். பனிப்பாளம், தண்ணீர்த் தொட்டி என்று அவனுக்குப் பிடிபடுகிற சாமானாக மாற்றி மாற்றி விளக்குவாள். அந்த மண்டைக்குள் ஏற்றுவதற்காகத் தனக்கு அரைகுறையாய் இருந்ததையெல்லாம் அவள் அடியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

தேர்வன்று லீவு போட்டுவிட்டுப் பேசுகருவியோடு உட்கார்ந்தான். மகள் முதல் கேள்வியை முணுமுணுத்தது உட்செவி வழியாக அதில் கேட்டது. எண்கள் கண்முன் சுழன்றன.

"இரு, இரு, சொல்லுதேன்."

அவன் விரல்விட்டு முடிப்பதற்குள் அவள் மூன்றாம் கேள்விக்குப் போயிருந்தாள்.

"அப்பா, தயவுசெஞ்சு பேசாம இருங்க."

கடைசிவரை பேசாமல் இருந்தான்.

தொண்ணூற்றேழு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் காற்றுச் சுத்திகரிப்பு அதிகாரி வித்யாபதி அவனைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"சார், தொண்ணூத்தேழாமே? முதல் தடவைக்கே பிரமாதமா பண்ணியிருக்கீங்க! நான் இந்தத் தடவை தொண்ணூத்தாறுதான்."

கேலி செய்கிறாரா என்று பூவலிங்கம் அவர் முகத்தைத் துருவிப் பார்த்தான். இல்லை, மனுஷன் நிஜமாகவே மரியாதையோடுதான் நின்றார். பிறந்ததிலிருந்து அவனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பக்கத்தில் மகள் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று நிமிர்ந்து பார்த்தாள்.

பூவலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்த ஆறாவது கேள்விதான் சார், கொஞ்சம் படுத்திட்டுது."